நிறுத்தாமல் இரண்டு நிமிடம்

அந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசக் கற்றுக்கொண்டிருந்தோம். நான் ஆங்கிலம். அம்மா தமிழ்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது. வெளிநாட்டில் நீர்ச் சுத்திகரிப்பில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். இடம் தருகிறோம், ஆனால் ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் ஆறரைக்குக் குறையக் கூடாது என்றார்கள். ஜூலை முடிவதற்குள் மதிப்பெண் போய்ச் சேராவிட்டால் இடம் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கருவியைத் தாண்டி, தண்ணீரையே படிக்க வேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து இருந்த ஆசை.

அம்மாவின் காரணம் வேறு. பொங்கல் முடிந்த வாரம் மார்க்கெட்டில் மீன் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கட்டு. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நடையும் வந்தது. பேச்சு வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சொல் மட்டும் கிடைக்கவில்லை.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து திருவொற்றியூரில் விற்றவள். ஒரே மூச்சில் மூன்று பேரிடம் பேசுவாள்: வாங்குகிறவரிடம் விலை, தெரிந்தவரிடம் குடும்ப விசாரிப்பு, மீன் வெட்டிக் கொடுப்பவரிடம் வசவு. எது யாருக்கு என்று அவரவர்க்குத் தெரியும். நான் பள்ளி விட்டு வரும்போது மார்க்கெட் வளைவு திரும்புவதற்கு முன்பே அவள் குரல் வந்துவிடும். அது கேட்டால் அன்று மீன் விற்றுத் தீரவில்லை என்று அர்த்தம். நேராக வீட்டுக்குப் போய்விடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண். முதல் நாளே என்னையும் நைனாவையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"அவங்க ஒரு வார்த்தையைத் தேடும்போது நீங்க எடுத்துக் கொடுத்துடாதீங்க. காத்திருங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல. பழைய வழி அடைபட்டுப் போச்சு, மூளை புது வழி தேடுது. தேட விடணும். இந்த முதல் சில மாசத்துல வர்றதுதான் வேகமா வரும். இந்த நேரத்தை மட்டும் விட்டுடாதீங்க."

எங்கள் தெருவில் ஒருவர் முடித்த பிறகு இன்னொருவர் பேசுவது என்ற வழக்கமே கிடையாது. ஒருவர் தொடங்கியதை மற்றவர் முடித்து வைப்பதுதான் பாசம். முடிக்க விடுவது, கோபத்தில் இருக்கிறவர்கள் செய்வது. அம்மாவுக்குப் பக்கத்தில் கூடை போடும் அக்கா, வியாபாரம் முடிந்த மதியங்களில் அம்மாவுக்குத் துணையாக வந்து உட்காருவார். அம்மா "த..." என்றால் போதும். "தண்ணியா? தலகாணியா? தலை வலிக்கிதா? இரு, மூணும் தரேன்." அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது கூடைக்காரப் பழக்கம் பாதி, அன்பு பாதி.

எனவே காத்திருக்கும் வேலை எனக்கு வந்தது. அது எனக்குப் பழகியதும்கூட. ஆலையில் உப்பின் அளவைக் காட்டும் கருவியைச் சோதிக்கும்போது, எண் ஆடி அடங்கும்வரை கை வைக்கக் கூடாது. அவசரப்பட்டால் தப்பான எண்ணை எழுதிக்கொண்டு வருவோம்.

அம்மாவிடம் பழுதாகாமல் இருந்த சொல் ஒன்றே ஒன்று: கஸ்மாலம். அது மட்டும் முன்பு போலவே, சட்டென்று, முழுசாக வந்தது. திட்டும் பாட்டும் மூளையில் வேறு வழியாக வரும் என்று பயிற்சிக்காரப் பெண் விளக்கினார். நைனா டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுக வாசல் வரிசையில் நாள் முழுக்க நின்று பழகியவர். அவர் சிரித்தார்.

"கல்யாணமான நாள்லேந்து என்னை அப்டிதான் கூப்புடுது மேடம். என் பேரு ஞாபகம் கீது. அது போதும்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த படங்கள் ஆப்பிள், யானை, விமானம். அம்மா அந்த ஆப்பிளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போய் ஃபோனில் படம் எடுத்து, அச்சடித்து, கெட்டி அட்டையில் ஒட்டினேன். சங்கரா, வஞ்சிரம், நெத்திலி, காரப்பொடி, இறால், நண்டு. இனிப்புக் கடை டப்பா ஒன்றில் போட்டு அம்மாவின் கட்டிலில் வைத்தேன்.

முதல் மாலை சங்கரா அட்டையைக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள். உதடு குவிந்தது, விரிந்தது. "ச..." என்றாள். என் வாயில் மிச்சம் முழுவதும் தயாராக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடுப்பில் குழம்பு கொதித்து மூடியைத் தள்ளியது. எழுந்திருக்கவில்லை.

"ச... சங்... சங்கரா."

குளித்துக்கொண்டிருந்த நைனா கதவைத் திறந்து, முகம் முழுக்க சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "யார்ரா அது? இதுவா சொல்லிச்சி?"

"கஸ்மாலம்," என்றாள் அம்மா, கதவைச் சாத்தச் சொல்லி.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று வந்தன. மீனிலிருந்து சோறு, கதவு, வெயில் என்று வெளியே வந்தாள். ஒருநாள் என்னைப் பார்த்து "டீ" என்றாள். குடிக்கிற டீயா, என்னைக் கூப்பிடுகிற டீயா என்று கேட்கவில்லை. போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

அட்டைகள் முடிந்ததும் என் முறை. பேச்சுத் தேர்வில் ஒரு தலைப்பைக் கொடுத்து, நிறுத்தாமல் இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். அம்மாதான் என் தேர்வாளர். இடது கையில் என் ஃபோனைப் பிடித்து, நேரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, புரியாத ஆங்கிலத்துக்குத் தலையை ஆட்டுவாள். நான் ஒரு சொல்லுக்குத் திணறினால் அவசரப்படுத்த மாட்டாள். புருவத்தைத் தூக்கி, நான் அவளுக்குக் காத்திருப்பதைப் போலவே காத்திருப்பாள். அந்த மாலைகளை நான் விரும்பினேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது கால அட்டவணையில் ஒரு கட்டம்.

கோடையில் முதல் தேர்வு எழுதினேன். மற்ற மூன்றும் தாராளமாக வந்தன. பேசுவதில் ஆறு. அரை குறைந்தது.

ராயபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் பயிற்சி வகுப்பு. அங்கே சொல்லிக் கொடுத்த டீச்சர் என்னைப் பேசச் சொல்லிப் பதிவு செய்து, எனக்கே போட்டுக் காட்டினார். இலக்கணம் சரியாக இருந்தது. சொற்கள் சரியாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் ஒரு நீண்ட அமைதி. முன்பு நான் அப்படிப் பேசியதில்லை.

"நீ வார்த்தை தெரியாம நிறுத்தலை," என்றார். "தெரிஞ்சே நிறுத்தற. யாரோ வந்து உட்காரட்டும்னு நாற்காலியைக் காலியா வெச்சிருக்கிற மாதிரி இருக்கு. வீட்ல யார் கூடப் பேசிப் பழகற?"

சொன்னேன். அவர் பதிவை அணைத்தார். பிறகு, இன்னும் ஒரு முறை எழுத நேரம் இருக்கிறது, அதுவரை வேகமாகப் பேசுகிறவர்களோடு பழகு என்றார்.

அன்று மாலை நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அம்மா கட்டிலில் இருந்தாள். அவள் காதில் விழக் கூடாது என்று எனக்குத் தோன்றவேயில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் காதில் விழாத இடம் என்று எதுவும் கிடையாது. நைனா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இன்னாமே, உன் வியாதி உன் பொண்ணுக்கும் ஒட்டிகிச்சா? ரெண்டு பேரும் இப்டி இழுத்துகினு இருந்தா பிளேனு கெளம்பிப் பூடும்மே."

அம்மா பாதி முகத்தால் சிரித்தாள். "கஸ்மாலம்" என்றாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை டப்பாவைத் திறந்து நெத்திலியைக் காட்டினேன். அம்மா பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தேன். அட்டையை என் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டு, மூடி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அசதி என்று நினைத்தேன். அடுத்த நாள் சங்கராவைக் காட்டியபோதும் அப்படியே. ஃபோனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னபோது அதையும் வாங்கவில்லை. கையை வெளிப்பக்கம் காட்டினாள். போய்ப் படி என்பது போல.

இப்படிச் சோர்ந்து போவது உண்டு, வற்புறுத்த வேண்டாம், சில நாள் விட்டுப் பிடியுங்கள் என்று பயிற்சிக்காரப் பெண் ஃபோனில் சொன்னார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்; சில நாள் சில வாரமாயிற்று. ஒருவகையில் வசதியாகவும் இருந்தது. மாலைகளில் எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடந்து, கடலரிப்புக்குப் போட்ட பாறைகள்மேல் போய் உட்கார்ந்து பேசினேன். பின்னால் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். அதைத் தாண்டி என் குரல் எனக்கே கேட்க வேண்டுமென்றால் நிறுத்தக் கூடாது. நல்ல பயிற்சி. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதல் நாள் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு கிண்டல் செய்தார்கள்.

"இன்னாம்மா, கடலாண்ட இங்கிலீசுல சண்டை வலிச்சிகினு கீற?"

"படிக்கிறேண்ணா."

"படி படி. அப்டியே காத்து கொஞ்சம் கம்மியா வுட சொல்லு. தமிழ்ல சொன்னா அது கேக்க மாட்டுது."

இரண்டாம் தேர்வில் வந்த தலைப்பு: நீங்கள் அடிக்கடி போகும் ஒரு கடை அல்லது சந்தை. குறிப்பெடுக்க ஒரு நிமிடம் கொடுத்தார்கள். நான் வழக்கப்படி பட்டியல் போட்டேன்: எங்கே, எப்போது, யார், ஏன். யார் என்ற இடத்தில் பென்சில் நின்றது. பிறகு பேசத் தொடங்கினேன். அம்மாவின் கூடை, ஐஸில் குத்தி நிறுத்திய வஞ்சிரம், மூன்று பேரிடம் ஒரே மூச்சில் பேசும் குரல், அந்தக் குரலைக் கேட்டு நான் வீட்டுக்குத் திரும்பிப் போனது. எதிரில் இருந்தவர் கையை உயர்த்தி, நேரம் முடிந்தது என்றார். அவர் உயர்த்தியதை நான் உடனே பார்க்கவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் பேசிவிட்டேன்.

பேசுவதில் ஏழு வந்தது.

முடிவு வந்த அன்று மதியமே ஆலையிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். அக்கா அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். ஃபோனைக் காட்டி, "வந்துடுச்சிம்மா" என்றேன். அம்மாவுக்கு எண் புரிந்ததா என்று தெரியாது. என் முகம் புரிந்தது. இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்தாள். பிறகு அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பின்னல் பாதியில் இருக்க, தலையணைக்குப் பக்கத்திலிருந்து அந்த டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மேலே இருந்த அட்டையை என் கையில் திணித்தாள். ஆரம்பி என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேலே இருந்தது சங்கரா.

காட்டினேன். அம்மா வாயைத் திறந்தாள். உதடு குவியவில்லை. மூச்சு மட்டும் வந்தது. மறுபடி திறந்தாள். நான் காத்திருந்தேன். அக்கா பின்னலைப் பிடித்தபடி எட்டிப் பார்த்து, "சங்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. நெத்திலியைக் காட்டினேன். இறாலைக் காட்டினேன். சோறு என்று சொல்லச் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்து மூடினாள். கடைசியில் அட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குத் திரும்பி வந்து, சாவி நுழையாமல் நிற்பவளின் பார்வை அது.

தண்ணீர் எடுக்க நான் சமையற்கட்டுக்குப் போனபோது அக்கா பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருக்குக் குரல் தாழ்வது அபூர்வம்.

"அது வேணும்னேதான் கண்ணு வாயை மூடிகினு இருந்திச்சி."

"இன்னாக்கா சொல்ற?"

"உங்க நைனா அன்னிக்கி சொம்மா டமாசுக்கு சொன்னாரே, ஒட்டிகிச்சின்னு, எங்க வூட்டு வரிக்கும் கேட்டிச்சி. அடுத்த நாளே எனக்கு சைகையில காட்டிச்சி. உன் ஃபோட்டோவ காட்டிச்சி, தன் வாயை காட்டிச்சி. அப்பால கைய பிளேனு மாதிரி பறக்கவுட்டு, தொப்புனு கீழ போட்டுச்சி. தான் பேசுனா நீயும் அப்டியே பேசுவியாம், பிளேனு வுழுந்துடுமாம். நீ பாஸாவற வரிக்கும் வாயே தொறக்க மாட்டேன்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா வெட்டிடுவேன்னு கத்திய காட்டிச்சி. நானும் நல்லதுக்குத்தானேன்னு கம்முனு இருந்துட்டேன். நாம பேசாத இருந்தா பேச்சு எங்க பூடப்போவுதுன்னு நினைச்சேன். எங்க யாருக்குத் தெரியும் கண்ணு, வெச்சிட்டு வந்தா வெச்ச எடத்துல இருக்காதுன்னு?"

அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து, சொம்பு நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாழ்க்கையில் சேர்த்து வைப்பது என்றால் தன் வாயைக் கட்டி வைப்பதுதான். தனக்கு வாங்காமல் எனக்கு வாங்கினாள், தான் சாப்பிடாமல் எனக்கு எடுத்து வைத்தாள். இதையும் அப்படியே செய்திருக்கிறாள். பேச்சையும் எடுத்து வைத்துவிட்டு, நான் பாஸானதும் திறந்து பார்க்கலாம் என்று.

பயிற்சிக்காரப் பெண் அம்மாவை நேரில் பார்த்தார். கோபப்படவில்லை. "இனிமே வராதுன்னு இல்ல. மெதுவாத்தான் வரும். முன்ன வந்த அளவுக்கு வருமான்னு என்னால சொல்ல முடியல," என்றார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரியும் என்பதை நாங்கள் எல்லோரும் அடிக்கடி மறந்துவிடுவோம்.

வீட்டுக்கு வந்து, நான் போகவில்லை என்று சொன்னேன். காரணங்களை வரிசையாகச் சொன்னேன்: அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம், ஆலையில் வேலை இருக்கிறது, மாலைகளில் அட்டைகள். நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டமாசைச் சொன்ன நாளிலிருந்து என்று இல்லை, அது என்ன செய்தது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டில் டமாசு பேசுவதை நிறுத்தியிருந்தார். அம்மா கட்டிலைவிட்டு எழுந்து என்னருகே வந்தாள். என் நெற்றியில் இடது கையால் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"கஸ்மாலம்!"

அதில் ஒரு திணறல் இல்லை. மார்க்கெட் வளைவுக்கு அப்பால் வரை கேட்டிருக்கும். அவள் கொடுத்த விலைக்குப் பிறகு, போகாமல் இருந்தால் அது இரண்டு பேருக்கும் நட்டம்.

கிளம்புவதற்கு முன் நைனாவுக்கும் அக்காவுக்கும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று, எடுத்துக் கொடுக்காதீர்கள். இரண்டு, டிவியை அணையுங்கள். மூன்று, வராவிட்டாலும் மறுநாள் காட்டுங்கள். அக்கா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, முதல் வரியிலேயே பெருமூச்சு விட்டார். "என்னாண்ட போயி இதைச் சொல்றியே," என்றார். இருந்தாலும் முயல்கிறார். நைனா சொல்கிறார், இப்போதெல்லாம் அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்காருகிறாராம்.

இங்கே வகுப்பில் நான் வேகமாகவே பேசுகிறேன். யாரும் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வீடியோவில் பேசுகிறேன். எனக்கு மதியம், அவர்களுக்கு அந்தி. நைனா ஃபோனைப் பிடித்துக்கொள்வார். என்னிடமும் ஒரு கட்டு அட்டைகள் உண்டு. அதே படங்களை இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தேன். சங்கராவைத் திரைக்கு அருகில் பிடிக்கிறேன்.

அம்மா முன்னால் சாய்ந்து பார்க்கிறாள். வாய் திறக்கிறது. அப்படியே நிற்கிறது. எங்கள் தெருவில் சிக்னல் எப்போதும் மோசம். படம் உறைந்துவிட்டதா, அம்மா தேடிக்கொண்டிருக்கிறாளா என்று எனக்குத் தெரிவதில்லை.

"லைன் கட்டாயிச்சா கண்ணு?" என்று நைனாவின் குரல் மட்டும் வருகிறது.

"இல்ல நைனா. இருக்கேன். பேசாத இரு."

அட்டையைப் பிடித்த கையை இறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.